வாடகைத் தாங்கியா, சொந்தத் தாங்கியா? ஒன்ராறியோ வீடுகளின் சுடுதண்ணீர்க் கணக்கு

ஒன்ராறியோவில் வீடு வாங்கிய நண்பரிடம் கூரைக்கு எத்தனை வயது என்று கேளுங்கள், உடனே பதில் வரும். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் வயதும் தெரிந்திருக்கும். சுடுதண்ணீர்த் தாங்கி யாருடையது என்று கேட்டால்தான் சற்று யோசிப்பார். பிறகு, "வீட்டோடு வந்தது" என்பார். வந்தது உண்மைதான். அதன் மாதக் கட்டணமும் கூடவே வந்திருக்கும்.

நானும் அப்படித்தான் இருந்தேன். ஸ்கார்பரோவில் வாங்கிய வீட்டில், குளிர்பதனப் பெட்டிக்கும் தீபாவளிப் பாத்திரங்கள் வைத்த அட்டைப் பெட்டிக்கும் நடுவே அந்தத் தாங்கி நின்றது. ஏழு வருடம் அதன் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. ஒரு ஜனவரி சனிக்கிழமை காலை அட்டைப் பெட்டியின் அடி நனைந்து கிழிந்த பிறகுதான் கவனித்தேன். வாடகை நிறுவனத்தை அழைத்தேன். அன்று மாலையே ஆள் வந்தார், பழையதைக் கழற்றினார், புதியதைப் பொருத்தினார், ஒரு திரையை நீட்டினார். விரலால் கையெழுத்துப் போட்டேன். வீட்டில் மூன்று பேர் குளிக்காமல் இருந்தால் யார்தான் ஒப்பந்தத்தைப் படிப்பார்கள்? அடுத்த மாத பில்லில் கட்டணம் ஏறத்தாழ இரட்டிப்பாகியிருந்தது. பழைய தாங்கிக்கான ஒப்பந்தம் அதோடு முடிந்துவிட்டது என்பதும், நான் போட்டது புதிய ஒப்பந்தத்துக்கான கையெழுத்து என்பதும் அப்போதுதான் புரிந்தது.

இந்த வழிகாட்டி அந்தச் சனிக்கிழமைக்கு முன்பே நான் படித்திருக்க வேண்டியது. வாடகையா சொந்தமா என்ற முடிவைத் தாங்கி ஒழுகும் நாளில் எடுக்கக்கூடாது. அன்று எடுத்தால் அது உங்கள் முடிவாக இருக்காது.

இந்த வழக்கம் எப்படி வந்தது

ஆல்பர்ட்டாவில் இருந்து வந்தவர்களிடம் "தாங்கிக்கு வாடகை கட்டுகிறோம்" என்றால் விசித்திரமாகப் பார்ப்பார்கள். அங்கே பெரும்பாலும் சொந்தமாகவே வாங்குகிறார்கள். ஒன்ராறியோவில் கதை வேறு. மேற்கிலிருந்து இயற்கை எரிவாயுக் குழாய் 1958இல் ரொறன்ரோவை எட்டியது. மக்களை எரிவாயுவுக்கு இழுக்க வேண்டியிருந்த எரிவாயு நிறுவனங்களே தாங்கியை வாடகைக்குக் கொடுத்தன; கட்டணம் எரிவாயு பில்லிலேயே ஒரு வரியாக வந்தது. கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகு, 1999 வாக்கில், அந்த வாடகைத் தொழில் எரிவாயு விநியோகத்திலிருந்து பிரிந்து கைமாறத் தொடங்கியது. எரிவாயுக் கம்பனி நம்முடைய தாங்கியைப் பார்த்துக்கொள்கிறது என்று இன்றும் பலர் நினைப்பது அந்தப் பழைய காலத்தின் மிச்சம்.

தாங்கியைத் திருப்பிக் கொடுக்க வாடிக்கையாளர்களுக்கு வேண்டாத தடைகளை வைத்தார்கள் என்று வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் கனடாவின் போட்டிப் பணியகம் இரண்டு பெரிய தாங்கி வாடகை நிறுவனங்கள் மீது 2012 டிசம்பரில் வழக்குத் தொடுத்தது. 2014இல் ரிலையன்ஸ் 50 லட்சம் டொலரும், 2015இல் டைரக்ட் எனர்ஜி 10 லட்சம் டொலரும் செலுத்த உடன்பட்டு வழக்கை முடித்துக்கொண்டன. வழக்கின் மையம் மாதக் கட்டணம் அல்ல, வெளியேறும் வழி. நீங்களும் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

படி 1: பேஸ்மென்டுக்கு இறங்குங்கள்

கைபேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு தாங்கியின் முன்பக்கத்தைப் பாருங்கள். வாடகைத் தாங்கியில் நிறுவனத்தின் பெயரும் தொலைபேசி எண்ணும் கொண்ட ஒட்டி இருக்கும். இப்போது இல்லாத நிறுவனத்தின் பெயராகவும் இருக்கலாம்; தொழில் கைமாறியதே காரணம். ஒட்டி இல்லை என்பதால் மட்டும் சொந்தம் என்று முடிவுகட்டாதீர்கள். எரிவாயு பில்லையும் வங்கிக் கணக்கில் தானாகக் கழியும் தொகைகளையும் ஒருமுறை புரட்டுங்கள்.

அடுத்து வயது. தயாரிப்பாளரின் தகட்டில் ஒரு தொடர் எண் இருக்கும். ரீம் தாங்கிகளில் முதல் நான்கு இலக்கங்கள் மாதமும் வருடமும்: 0611 என்றால் 2011 ஜூன். ஏ. ஓ. ஸ்மித் குழுமத்தின் அண்மைக் காலத் தாங்கிகளில் முதல் இரண்டு இலக்கம் வருடம், அடுத்த இரண்டு வாரம்: 1734 என்றால் 2017இன் 34ஆவது வாரம். எரிவாயுத் தாங்கி பொதுவாக 10 முதல் 15 வருடம் வரை உழைக்கும். கெல்ஃப், கிச்சனர் போன்ற கடினநீர் ஊர்களில் அதைவிடக் குறையலாம்.

பிறகு புகைபோக்கும் குழாயைப் பாருங்கள். மேலே இருந்து உலோகக் குழாய் கிளம்பிப் புகைக்கூண்டுக்குப் போனால் அது சாதாரண வகை. மின்சாரம் நின்றாலும் பெரும்பாலும் வேலை செய்யும். தலையில் ஒரு மின்விசிறிப் பெட்டியும் பிளாஸ்டிக் குழாயும் இருந்து, அது பக்கச் சுவரைத் துளைத்து வெளியே போனால் ‘பவர் வென்ட்’. விலையும் வாடகையும் இதற்குக் கூடுதல், பழுதாகக்கூடிய உறுப்பும் கூடுதல். சுவரில் ஒரு சூட்கேஸ் அளவில் தொங்கினால் தாங்கியே இல்லாத ‘டாங்க்லெஸ்’.

கடைசியாக, யாராவது குளித்து முடித்ததும் தாங்கியருகே நின்று கேளுங்கள். சோளம் பொரிவது போலப் படபடவென்று ஒலி வந்தால் அடியில் சுண்ணப் படிவு கட்டியிருக்கிறது என்று பொருள். பத்து வயதைத் தாண்டிய தாங்கி இப்படிப் பேச ஆரம்பித்தால் அடுத்த படிகளை இந்த மாதமே முடியுங்கள்.

படி 2: ஒப்பந்தம் எந்த வகை?

பழைய எரிவாயுக் காலத்து ஒப்பந்தங்களில் பெரும்பாலும் காலவரை கிடையாது. தாங்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இருந்தால் ஒரு சிறு கட்டணத்தோடு வெளியேறலாம். இது உங்களிடம் இருந்தால் அதிர்ஷ்டம். அதை இழக்கும் எந்தக் கையெழுத்தையும் அவசரத்தில் போடாதீர்கள்.

புதிய வீடுகளில் கட்டுநர் வைக்கும் கருவிகளும் பிற்கால ஒப்பந்தங்களும் வேறு மாதிரி. பத்து வருடம், அல்லது ‘கருவியின் பயன்பாட்டுக் காலம் முழுவதும்’ என்று எழுதியிருக்கும். இடையில் விலகினால் கருவியை வாங்கிக்கொள்ள வேண்டும்; அந்த விலை கடையில் புதிதாக வாங்கிப் பொருத்துவதைவிட அதிகமாகவும் இருக்கலாம். ஒப்பந்தத்தில் மூன்றை மட்டும் பென்சிலால் கோடிடுங்கள்: வருடாந்தக் கட்டண உயர்வு எவ்வளவு, வாங்கிக்கொள்ளும் விலை வருடாவருடம் எப்படிக் குறைகிறது, திருப்பிக் கொடுக்கும்போது என்னென்ன கட்டணம்.

ஒப்பந்தமே கையில் இல்லையா? பலருக்கும் அதுதான் நிலை, முந்தைய வீட்டுக்காரர் போட்டது. நிறுவனத்திடம் பிரதி கேளுங்கள்.

படி 3: தொலைபேசியில் என்ன கேட்பது

"நான் விலக நினைக்கிறேன்" என்று தொடங்க வேண்டாம். அப்படிச் சொன்னால் சலுகை தரும் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள், அரை மணி நேரம் போய்விடும். "என் கணக்கில் உள்ள கருவியின் வயது, இன்றைய வாங்கும் விலை, திருப்பிக் கொடுப்பதற்கான செலவு ஆகியவற்றை மின்னஞ்சலில் அனுப்புங்கள்" என்று நேராகக் கேளுங்கள். வாய்மொழியாகச் சொல்லும் தொகையை நம்பாதீர்கள். பேசியவரின் பெயரையும் நாளையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பதில் வந்ததும் வயதோடு சேர்த்துப் பாருங்கள். தாங்கிக்கு 3 வயது, விலை நியாயம் என்றால் வாங்கிவிடலாம். நிற்கும் இடத்திலேயே சொந்தமாகிவிடும். 12 வயதுத் தாங்கிக்கு 600 டொலர் கேட்டால், இன்றோ நாளையோ ஒழுகப்போகும் ஒன்றை நீங்கள் ஏன் வாங்க வேண்டும்? அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதிதாகப் பொருத்துங்கள். வாடகைத் தாங்கி முதுமை அடைவதுதான் வெளியேற மிக மலிவான தருணம். நான் தவறவிட்டது அதைத்தான்.

படி 4: கணக்கு

கீழே உள்ளவை எடுத்துக்காட்டு எண்கள். உங்கள் பில்லையும் உங்களுக்குக் கிடைத்த விலைக்கோரல்களையும் வைத்து மாற்றிப் போடுங்கள்.

பவர் வென்ட் தாங்கிக்கு மாத வாடகை 38 டொலர் என்று வைப்போம். 13 சதவீத விற்பனை வரியோடு 42.94. வருடத்துக்கு 515. கட்டணம் வருடம் 3 சதவீதம் ஏறினால் 12 வருடத்தில் கட்டுவது ஏறத்தாழ 7,300 டொலர்.

அதே வகையைப் பொருத்துக்கூலியோடு 2,600க்கு வாங்கினால் வரியோடு 2,938. இடையில் ஒருமுறை விசிறி மோட்டார் போய் 600 டொலர் செலவானது என்றும் சேர்ப்போம், 3,540. வித்தியாசம் 3,700 டொலருக்கு மேல். முதல் ஐந்து வருடம் வாடகைதான் மலிவாகத் தெரியும். ஆறாவது வருடத்தில் வாங்கிய விலையைத் தாண்டிவிடும். அதற்கப்பால் கட்டுவதெல்லாம் கூடுதல்.

"அவ்வளவு பணம் மொத்தமாகக் கையில் இல்லை" என்பது நியாயமான பதில். அந்த 2,938ஐ 8 சதவீத வட்டியில் ஐந்து வருடத்துக்குக் கடனாக எடுத்தால் மாதம் 60 டொலர், மொத்த வட்டி ஏறத்தாழ 640. வட்டியைச் சேர்த்தாலும் வாங்குவது 3,000 டொலர் மலிவு. ஐந்து வருடத்தில் கடனும் முடிந்துவிடும். ஆனால் கடன் அட்டையில் 20 சதவீதத்தில் வாங்கிச் சுமப்பதாக இருந்தால் இந்தக் கணக்கு பொய்யாகிவிடும்.

வாடகை நிறுவனங்கள் சொல்லும் ஒரு வாதத்தையும் எடைபோட வேண்டும்: பழுதானால் அவர்கள் பொறுப்பு. சரிதான், தாங்கிக்கு அவர்கள் பொறுப்பு. தாங்கி ஒழுகி நனைந்த தரைவிரிப்புக்கும் சுவருக்கும் பொதுவாக அவர்கள் பொறுப்பேற்க மாட்டார்கள். அது உங்கள் வீட்டுக் காப்புறுதியின் தலையில். என் பாத்திரப் பெட்டியைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை.

வாடகை பொருந்தும் இடங்கள்

எல்லோரும் வாங்கியே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இரண்டு மூன்று வருடத்தில் விற்கப்போகும் வீடு என்றால் இருக்கும் பழைய ஒப்பந்தத்தோடு விட்டுவிடுங்கள். தனியாக வாழும் வயதான தாய்க்கு, நள்ளிரவில் ஒரே எண்ணை அழைத்தால் ஆள் வருவார் என்ற நிம்மதிக்கு ஒரு விலை உண்டு. அதை நான் வீண் என்று சொல்ல மாட்டேன்.

வீட்டை வாடகைக்கு விட்டுத் தூரத்தில் இருப்பவர்களும் யோசிக்கலாம். ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு குடியிருப்பு வாடகைச் சட்டப்படி சுடுதண்ணீர் அத்தியாவசியச் சேவை. பேஸ்மென்டில் இருக்கும் குடும்பத்தை ஒரு வாரம் பச்சைத் தண்ணீரில் குளிக்க விட முடியாது. ஆனாலும் நல்ல தொழில்நுட்பர் ஒருவரின் எண் கையில் இருந்தால் இந்த வாதமும் பாதி கரைந்துவிடும்.

படி 5: வாங்குவது என்றால் எதை?

பெரும்பாலான வீடுகளுக்கு என் பதில் அலுப்பூட்டும் பதில்: இப்போது இருக்கும் அதே வகைத் தாங்கி. குழாய், புகைபோக்கி, எரிவாயு இணைப்பு எதையும் மாற்ற வேண்டியதில்லை, அரை நாளில் வேலை முடியும். நான்கைந்து பேருக்கு 50 கலன், அதாவது 189 லீற்றர், சாதாரணமாகப் போதும். கீழே வாடகைக் குடும்பம் இருந்து, காலை ஏழு மணிக்கு இரண்டு குளியலறையும் ஓடும் என்றால் கொள்ளளவை மட்டும் பார்க்காதீர்கள். முதல் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு சுடுதண்ணீர் தரும் என்ற எண்ணைப் பாருங்கள். அது தகவல் ஒட்டியில் இருக்கும்.

டாங்க்லெஸ் விற்பவர்கள் "முடிவில்லாத சுடுதண்ணீர்" என்பார்கள். முடிவில்லாதது உண்மை, அளவில்லாதது அல்ல. குளிர்காலத்தில் ரொறன்ரோவின் குழாய்த் தண்ணீர் ஏறத்தாழ 5 பாகை செல்சியஸில் உள்ளே வரும். அதை 40 பாகைக்கு ஏற்ற வேண்டும், நிமிடத்துக்கு 10 லீற்றர் ஓடும் ஒரு ஷவருக்கு மட்டும் ஏறத்தாழ 24 கிலோவாட் வெப்பம் வேண்டும். பெரிய வீட்டுக் கருவி ஒன்று 55 கிலோவாட் அளவில் தரும். ஆக ஒரே நேரத்தில் இரண்டு ஷவர், மூன்றாவதாகச் சமையலறைக் குழாயைத் திறந்தால் மாடியில் ஒருவர் கத்துவார். அந்த அளவு எரிவாயுவுக்குத் தடித்த குழாய் வேண்டியிருக்கலாம், சுண்ணம் நீக்க வருடத்துக்கு ஒருமுறை வினிகர் ஓட்டிக் கழுவ வேண்டும். இடம் குறைந்த வீட்டுக்கு நல்ல கருவி. எரிவாயுச் சேமிப்பை மட்டும் நம்பி வாங்கினால் கூடுதல் விலை திரும்பி வர நீண்ட காலமாகும்.

ஒரு எச்சரிக்கை. பழைய வீட்டில் ஃபர்னஸை உயர்திறன் வகைக்கு மாற்றியிருந்தால், அதன் புகை இனி புகைக்கூண்டு வழியே போகாது; அந்தப் பெரிய கூண்டில் தாங்கி மட்டும் தனியாக நிற்கும். அதன் சிறு வெப்பத்துக்கு அந்தக் கூண்டு சரியாக இழுக்காமல் போகலாம். உள்ளே உலோகக் குழாய் இறக்க வேண்டி வரும். விலைக்கோரலில் இது இருக்கிறதா என்று கேளுங்கள்.

படி 6: பொருத்துபவரும், பழையதைத் திருப்புவதும்

எரிவாயு வேலை உறவினர் செய்யும் வேலை அல்ல. எவ்வளவு கைராசி உள்ள மச்சானாக இருந்தாலும் சரி. டி.எஸ்.எஸ்.ஏ. எனப்படும் மாகாணப் பாதுகாப்பு ஆணையத்தின் சான்றிதழ் உள்ளவரே செய்யலாம். சான்றிதழ் அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். நல்ல தொழில்நுட்பர் கோபிக்க மாட்டார். குறைந்தது மூன்று விலைக்கோரல் வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் வரி, பழைய தாங்கியை அகற்றும் செலவு, தண்ணீர் கலக்கும் வால்வு ஆகியவை எழுதப்பட்டிருக்க வேண்டும். கிருமி வளராமல் இருக்கத் தாங்கியில் 60 பாகை வேண்டும். குழந்தையின் கை பொசுங்காமல் இருக்கக் குளியலறைக்கு 49 பாகைக்கு மேல் போகக்கூடாது. இரண்டையும் சேர்த்து வைப்பது அந்த வால்வுதான்.

வாடகைத் தாங்கியைக் கழற்றும் முன் நிறுவனத்திடம் கேளுங்கள்: அவர்கள் வந்து எடுப்பார்களா, நீங்கள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமா, எங்கே, எந்த நேரத்தில்? முக்கியமான வேலை இதோ: தொடர் எண் தெரியும்படி தாங்கியைப் படம் எடுங்கள். ஒப்படைக்கும் இடத்தில் அந்த எண் எழுதிய ரசீதை வாங்காமல் நகராதீர்கள். பிறகு இரண்டு மாதம் பில்லைக் கவனியுங்கள். "தாங்கி இன்னும் எங்களுக்கு வரவில்லை" என்று மூன்றாவது மாதம் கடிதம் வந்தால், அந்த ரசீதுதான் உங்கள் பேச்சு.

வீடு வாங்கும்போதும் விற்கும்போதும்

ஒன்ராறியோவின் வழக்கமான கொள்முதல் ஒப்பந்தப் படிவத்தில் வாடகைப் பொருட்களுக்கென்றே ஒரு பிரிவு உண்டு, ஆறாவது. "சுடுதண்ணீர்த் தாங்கி, வாடகை" என்று ஒரே வரியில் எழுதியிருப்பார்கள். அந்த வரியால் ஒப்பந்தத்தை நீங்கள் ஏற்கிறீர்கள். கையெழுத்துக்கு முன் முகவரிடம் மாதக் கட்டணம், மீதிக் காலம், வாங்கும் விலை மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். லட்சக்கணக்கில் பேரம் பேசும் இடத்தில் இதைக் கேட்கக் கூச்சப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வாங்கும் விலை 4,000 டொலர் என்றால் அது வீட்டு விலையில் 4,000 டொலர். விற்பவரே தீர்த்துவிட்டு ஒப்படைக்க வேண்டும் என்று நிபந்தனை போடலாம். மார்க்கம், பிரம்டன், ஏஜாக்ஸ் பக்கம் புது வீடு எடுப்பவர்கள் கட்டுநரின் ஒப்பந்தத்தில் இதைத் தேடுங்கள். சாவி வாங்கும் நாளில் நீட்டப்படும் காகிதக் கட்டில் இதுவும் ஒளிந்திருக்கும்.

கதவைத் தட்டுபவர்

கழுத்தில் அட்டையும் கையில் கோப்புமாக வந்து, "உங்கள் தாங்கியைப் பரிசோதிக்க வேண்டும், அரசு விதி" என்பவரை உள்ளே விடாதீர்கள். அழைக்காமல் வாசலுக்கு வந்து சுடுதண்ணீர்க் கருவிக்கு ஒப்பந்தம் போடுவது ஒன்ராறியோவில் 2018 மார்ச் 1 முதல் தடை. அப்படிப் போட்ட ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. நீங்களே அழைத்து வீட்டில் வைத்துக் கையெழுத்திட்டாலும், பிரதி கிடைத்த நாளிலிருந்து 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் விலகலாம். விலகலை எழுத்தில் அனுப்புங்கள்.

வாடகை நிறுவனங்கள் வீட்டின் நில உரிமைப் பதிவிலேயே, கருவியில் தங்களுக்கு உரிமை உண்டு என்று ஒரு அறிவிப்பைப் பதிந்துவிடும் வழக்கம் இருந்தது. விற்கப் போகும்போதுதான் பல முதியவர்களுக்குத் தெரியவந்தது, அதை நீக்க ஆயிரக்கணக்கில் கேட்டார்கள். 2024 ஜூன் 6இல் மாகாணம் அதைத் தடை செய்தது. வீட்டுக் கருவிகளுக்காகப் பதிந்திருந்த பழைய அறிவிப்புகளும் காலாவதியாகின. பதிவுதான் காலாவதி, அடியில் உள்ள ஒப்பந்தம் அல்ல. உங்கள் அப்பாவோ அம்மாவோ முன்பு ஏதேனும் கையெழுத்திட்டிருந்தால் சட்டத்தரணியிடம் அந்த ஒப்பந்தத்தையும் காட்டுங்கள்.

சொந்தமான பிறகு

செய்ய வேண்டியது அதிகம் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை அடி வால்வில் தோட்டக் குழாயை மாட்டிச் சில வாளி தண்ணீரை வடித்தால் படிவு வெளியேறும். உள்ளே ‘அனோட்’ என்ற உலோகத் தண்டு ஒன்று உண்டு. தாங்கி துருப்பிடிப்பதற்குப் பதிலாகத் தான் துருப்பிடித்துக் கரைவதே அதன் வேலை. நான்கைந்து வருடத்தில் ஒருமுறை கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கரைந்து கம்பி தெரிந்தால் மாற்றுங்கள். வாடகைத் தாங்கியில் அதைத் திறந்து பார்த்த ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

அந்த அவசர ஒப்பந்தத்திலிருந்து நான் வெளியேறியது மூன்று வருடம் கழித்து, வாங்கும் விலையைக் கட்டித்தான். இப்போது தாங்கியின் பக்கத்தில் கறுப்பு மார்க்கரால் எழுதிவைத்திருக்கிறேன்: பொருத்திய நாள், வாங்கிய விலை, தொழில்நுட்பரின் சான்றிதழ் எண், அனோட் பார்த்த மாதம். பாத்திரப் பெட்டி மேல்தட்டுக்குப் போய்விட்டது.